டெக்சாஸ் மான் சிறிசு, மினசோட்டா மான் பெரிசு: குளிர் மட்டும்தான் காரணமா?

கேள்வி இதுதான். ஆஸ்டினில் சில வருடங்கள் இருந்துவிட்டு மினசோட்டாவுக்கு வேலை மாறி வந்த ஒருவர் கேட்கிறார்: "அங்கே வீட்டுக்குப் பின்னால் வந்து ரோஜாச் செடியை மேய்ந்த மான்கள் வெள்ளாட்டுக்கு மேல் இருக்காது. இங்கே சாலையைக் கடப்பவை கன்றுக்குட்டி சைஸில் இருக்கின்றன. இரண்டையும் வெண்வால் மான் என்றே சொல்கிறார்கள். ஒரே இனமா? குளிர்தான் காரணமா? டெக்சாஸ் மானை இங்கே கொண்டுவந்து விட்டால் வளருமா?"

ஒரே இனம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். கனடாவின் தெற்குப் பகுதியில் தொடங்கி அமெரிக்கா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா வரைக்கும் இந்த மான் இருக்கிறது. பனிக்காடு, சதுப்பு நிலம், வறண்ட மலை, வெப்பமண்டலப் புல்வெளி எல்லாவற்றிலும் பிழைத்துக்கொள்ளும். மண்டை ஓட்டின் அளவு, தோலின் நிறம் இதையெல்லாம் வைத்து விலங்கியலாளர்கள் 38 துணையினங்கள் வரை பிரித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை நான் பெரிதாக மதிப்பதில்லை. சில மாதிரிகளை மட்டும் பார்த்துச் சூட்டிய பெயர்கள் அதில் நிறைய. டெக்சாஸ் மானும் மினசோட்டா மானும் அதில் வேறு வேறு பெயரில் இருக்கின்றன. சேர்த்து விட்டால் தாராளமாகக் குட்டி போடும்.

அளவு வித்தியாசம் எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீஸ் தீவுகளில் முழுதாக வளர்ந்த ஆண் மானே 25 முதல் 34 கிலோதான். அரிசோனா, நியூ மெக்சிகோ மலைகளிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் இருக்கும் 'கூஸ்' மானில் ஆண் 45 கிலோவைத் தாண்டினாலே பெரிய மான். ஆஸ்டினுக்கு மேற்கே உள்ள குன்றுப் பகுதியில், அதாவது ஹில் கன்ட்ரியில், ஆண் சுமார் 50, 60 கிலோ. மினசோட்டா, விஸ்கான்சின், ஒன்டாரியோ பக்கம் வயதான ஆண் 100 கிலோவைத் தாண்டுவது சகஜம். 1926இல் மினசோட்டாவில் சுடப்பட்ட ஒரு மான், குடல் நீக்கிய பிறகே 402 பவுண்டு, அதாவது 182 கிலோ. உயிரோடு இருந்தபோது 230 கிலோ இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். கீஸ் மான் ஏழு எட்டு சேர்ந்தால்தான் அந்த ஒன்றுக்கு ஈடாகும்.

காரணத்துக்குப் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கண்ணால் பார்த்து மானின் அளவைச் சொல்வது ஆபத்தான வேலை. கோடையில் மானுக்கு மெல்லிய செம்பழுப்பு ரோமம். குளிர்காலத்தில் உள்ளே காற்று நிற்கும்படியான தடித்த சாம்பல்நிற ரோமம், அடியில் கம்பளி போல இன்னொரு அடுக்கு. வடக்கே அந்தக் கோட்டு இன்னும் அடர்த்தி. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணின் கழுத்து வேறு வீங்கிக்கொள்ளும். ஜூலையில் ஆஸ்டினில் பார்த்த மானை நவம்பரில் மினசோட்டாவில் பார்ப்பதோடு ஒப்பிட்டால், இருக்கும் வித்தியாசம் இன்னும் பெரிதாகத்தான் தெரியும்.

இன்னொன்று வயது. வெண்வால் ஆண் நாலைந்து வயது வரை எடை கூடிக்கொண்டே போகும். வேட்டை மும்முரமாக நடக்கும் ஊரில் பெரும்பாலான ஆண்கள் இரண்டு வயதைப் பார்ப்பதில்லை. ஆகவே "எங்க ஊர் மான் சிறிசு" என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் கேட்பது "வயசு என்ன?" என்றுதான்.

விஸ்கான்சினில் படித்த காலத்தில் வேட்டைப் பருவத்து வாரக் கடைசிகளில் மான்களைப் பதிவு செய்யும் இடத்தில் உதவிக்கு நின்றிருக்கிறேன். பிக்கப் டிரக்கின் பின்பக்கத்தில் விறைத்துக் கிடக்கும் மானின் வாயை ஒரு இரும்புக் கருவியால் நெம்பித் திறந்து, டார்ச் அடித்துக் கீழ்த்தாடையைப் பார்க்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து மூன்றாவது கடைவாய்ப் பல்லில் மூன்று மேடு தெரிந்தால் அது இன்னும் பால்பல், வயது ஒன்றரைக்குள். அந்தப் பல் விழுந்து இரண்டு மேடுள்ள புதுப் பல் வெள்ளையாக முளைத்திருந்தால் ஒன்றரையைத் தாண்டியது. அதற்கு மேல் பல் தேய்மானத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அப்புறம்தான் தராசு. ஊருக்கு ஊர் ஒப்பிட ஒன்றரை வயது மான்களின் எடையைத்தான் எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த வயது ஒன்றைத்தான் தப்பில்லாமல் சொல்ல முடியும். டிரக் சொந்தக்காரர்கள் கொம்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பல்லைப் பார்ப்போம்.

இப்படி வயதைச் சரிசெய்து பார்த்தாலும் வடக்கு மான் பெரிசுதான். ஏன்?

பள்ளிக்கூடப் பதில் பெர்க்மான் விதி. 1847இல் கார்ல் பெர்க்மான் என்ற ஜெர்மானியர் சொன்னது: ஒரே வகை வெப்ப இரத்த விலங்குகளில், குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவை பெரிய உடம்போடு இருக்கும். கணக்கு எளிது. உடம்பின் நீள அகல உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் தோலின் பரப்பு நான்கு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. சூடு உண்டாவது கன அளவில், வெளியே போவது தோல் வழியாக. பெரிய உடம்பு கிலோவுக்குக் குறைவாகவே சூட்டை இழக்கும். இதற்குத் துணை போல இன்னொரு விதியும் உண்டு: குளிர் நாட்டு விலங்குக்குக் காது, கால் போன்ற நீட்டங்கள் குட்டை, வெப்ப நாட்டில் நீளம். கூஸ் மானைப் பார்த்தால் இது தெரியும். சின்ன உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய காது. வடக்கு மான் உருண்டு திரண்ட நெஞ்சோடு, கட்டை குட்டையாக, தடித்த கழுத்தோடு நிற்கும். நீங்கள் பார்த்த கன்றுக்குட்டித் தோற்றம் அதுதான்.

விதி தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதை. மினசோட்டாக் குளிரில் மானைக் கொல்வது வெறும் குளிர் கிடையாது, பட்டினி. டிசம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை தின்னக் கிடைப்பது சுள்ளியும் மொட்டும்தான். இலையுதிர் காலத்தில் ஏற்றிய கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத்தான் மான் வசந்தத்தைப் பிடிக்கிறது. அதிலும் இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் மான் சாப்பாட்டை மறந்து ஓடி, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிட்டுத்தான் குளிருக்குள் நுழைகிறது. பெரிய உடம்பில் கொழுப்பு அதிகம் ஏறும், கிலோவுக்கு எரிவது குறைவு. கடும்பனி வருடங்களில் முதலில் சாவது அந்த வருடத்துக் குட்டிகள், அவற்றிலும் சிறியவை. வருடா வருடம் இந்தச் சல்லடை நடக்கிறது. ஃபுளோரிடாவில் அது கிடையாது.

பெர்க்மானை நேரடியாகவே மறுத்தவர் கனடாவின் வேலேரியஸ் கைஸ்ட். மான் குடும்பத்தையே வாழ்நாள் முழுக்கப் படித்தவர். 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில், மான்களின் உடல் வடக்கே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகவில்லை, சுமார் 60 பாகை அட்சரேகைக்கு அப்புறம் திரும்பச் சிறுக்கிறது என்று காட்டினார். குளிர்தான் காரணம் என்றால் துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பெரிதாக இருக்க வேண்டும். அவர் சொன்ன காரணம் சாப்பாடு: வளரும் பருவத்தில் ஒரு மானுக்கு எவ்வளவு நல்ல தீனி, எத்தனை நாளுக்குக் கிடைக்கிறது என்பது. வடக்கு வசந்தம் குறுகியது, ஆனால் கொட்டிக் கொடுக்கும். நீண்ட பகல், புரதம் நிறைந்த இளந்தளிர். துருவத்துக்குப் போனால் அந்தப் பருவமே சுருங்கிவிடுகிறது.

எனக்கு இந்த வாதத்தில்தான் நம்பிக்கை அதிகம். இதை நிரூபிப்பது வடக்கு தெற்கு ஒப்பீடு இல்லை, ஒரே அட்சரேகையில் உள்ள இரண்டு ஊர் ஒப்பீடு.

தெற்கு டகோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே பிளாக் ஹில்ஸ், பைன் காடு, மானுக்கு அவ்வளவு நல்ல தீனி இல்லை. கிழக்கே சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. அட்சரேகை ஏறக்குறைய ஒன்றுதான். கிழக்கு மான் பெரிசு, பிளாக் ஹில்ஸ் மான் சிறிசு. ஆராய்ச்சியாளர்கள் இரண்டு இடத்திலிருந்தும் மான்களைப் பிடித்துவந்து, ஒரே பட்டியில், ஒரே சத்தான தீனியில் வளர்த்தார்கள். பிளாக் ஹில்ஸ் தாய்க்குப் பிறந்த ஆண் குட்டிகள் எவ்வளவு தின்றும் கிழக்கத்தி மானை எட்டவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் "பரம்பரைக் குணம், அவ்வளவுதான்" என்று முடித்திருப்பார்கள். நிறுத்தவில்லை. அந்தப் பட்டியிலேயே பிறந்து நல்ல தீனி தின்று வளர்ந்த தாய்க்கு அடுத்த தலைமுறை பிறந்தபோது, அவை கிழக்கத்தி மான்களின் அளவை நெருங்கிவிட்டன. மரபணு மாறவில்லை. மாறியது தாய் வளர்ந்த விதம். 2009இல் வெளிவந்த முடிவு இது.

மிசிசிப்பியிலும் இதே மாதிரி செய்து பார்த்தார்கள். அங்கே ஆற்று வண்டல் படிந்த டெல்டா மான் பெரிசு, கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான பைன் காட்டு மான் சிறிசு. காரில் சில மணி நேரம்தான் இடைவெளி, வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். மண் வேறு, அதனால் புல் பூண்டின் சத்து வேறு. ஒரே தீனி கொடுத்து வளர்த்ததில், சிறிய கடற்கரை மான்களின் இரண்டாவது தலைமுறை அங்கேயும் நன்றாகத் தேறியது, கொம்பும் உட்பட.

அதாவது பாட்டி தின்றது பேரன் உடம்பில் தெரிகிறது. வறண்ட காட்டில் கருவுற்ற தாய், குறைவான தீனிக்கு ஏற்ற உடம்போடு குட்டியைப் பெறுகிறது. அப்படிப் பிறந்த குட்டி பிறகு நல்ல இடத்துக்குப் போனாலும் அந்தச் சிக்கனக் கணக்கை உடனே மறப்பதில்லை. இது குறை இல்லை, பிழைக்கும் வழி. தீனி இல்லாத ஊரில் பெரிய உடம்பு வைத்திருப்பவன்தான் முதலில் செத்துப்போவான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு சாட்சி கனடாவில் இருக்கிறது. கியூபெக்கில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் அன்டிகோஸ்டி என்று பெரிய தீவு. பிரான்ஸைச் சேர்ந்த சாக்லேட் முதலாளி ஹென்றி மெனியே 1895இல் அந்தத் தீவையே விலைக்கு வாங்கி, வேட்டையாடுவதற்காகச் சுமார் 220 வெண்வால் மான்களைக் கொண்டுவந்து விட்டார். மானைத் தின்னும் ஓநாய் அங்கே இல்லை. மான்கள் லட்சத்தைத் தாண்டிப் பெருகின. அட்சரேகை 49 பாகைக்கு மேல், குளிர்காலம் மினசோட்டாவுக்குச் சளைத்ததில்லை. பெர்க்மான் சொன்னபடி பார்த்தால் அங்கே ராட்சத மான் இருக்க வேண்டும். இருப்பதோ கியூபெக்கின் நிலப்பகுதி மானைவிடச் சிறியது. நல்ல செடியையெல்லாம் எப்போதோ தின்று தீர்த்துவிட்டன. குளிர்காலத்தில் ஃபிர் மரத்தின் கிளையைத்தான் நம்பி இருக்கின்றன. அந்த மரக்கன்றுகளும் மேலே எழும்ப முடியாமல் கடிபட்டுக் கிடக்கின்றன. தீவில் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்த கருங்கரடி காணாமல் போனதற்கும் மான்தான் காரணம் என்கிறார்கள்: பெர்ரிப் புதர்களை மான் தின்றுவிட்டதால் கரடி கொழுப்பேற்ற வழியில்லாமல் போயிற்று. எனக்குத் தெரிந்து சாகபட்சிணி ஒன்று கரடியை ஒழித்த கதை வேறு இல்லை.

இப்போது உங்கள் ஆஸ்டின் மானுக்கு வருகிறேன். ஹில் கன்ட்ரி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய மண். ஆடு மாடு தலைமுறை தலைமுறையாக மேய்ந்து தீர்த்த நிலம். அமெரிக்காவிலேயே மான் நெருக்கம் மிக அதிகமான பகுதிகளில் ஒன்று. நெருக்கத்துக்கு ஒரு புழுவின் கதையும் உண்டு. பிறந்த குட்டியின் தொப்புள் காயத்தில் ஒரு ஈ இடும் முட்டையிலிருந்து வந்து, குட்டியை உயிரோடு தின்னும் ஸ்குரூவர்ம் என்ற புழு, முன்பு மான் குட்டிகளை நிறையக் கொன்றது. 1960களில் மலடாக்கிய ஈக்களைப் பறக்கவிட்டு அதை ஒழித்தார்கள். மாட்டுக்காகச் செய்தது, மானும் சேர்ந்து பெருகியது. தீனி அதே அளவு, வாய் மட்டும் கூடியது. அதே மாநிலத்தின் தெற்கே போனால் புதர்க்காட்டு மான் கண்ணுக்குத் தெரியும்படி பெரிசு, கொம்புக்குப் பேர்போனது. அங்கே வெயில் இன்னும் கொடூரம் என்பதைக் கவனியுங்கள்.

ஹில் கன்ட்ரியில் நமக்குத் தெரிந்த ஒரு விருந்தாளியும் இருக்கிறது. 1930களில் பண்ணைகளுக்குக் கொண்டுவந்த நம் புள்ளிமான் தப்பித்துக் காட்டிலும் பெருகிவிட்டது. வெண்வால் மானுக்கு இளந்தழையும் பூண்டும்தான் ஒத்துக்கொள்ளும், முற்றிய புல் செரிக்காது. புள்ளிமான் தழையையும் தின்னும், அது தீர்ந்தால் புல்லுக்கு மாறிக்கொள்ளும். கெர் வனவிலங்குப் பகுதியில் இரண்டையும் ஒரே வேலிக்குள் விட்டுச் சோதித்ததில் தோற்றது வெண்வால்தான். ஆஸ்டின் மான் சிறுத்துக் கிடப்பதில் நம்மூர்க்காரனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

மறுபக்கம் அயோவா, இல்லினாய். பனியாறு அரைத்துப் போட்ட ஆழமான கரிய மண், அதன் மேல் சோளம், சோயா. அறுவடையில் சிந்தியதே மானுக்குப் போதும். அங்கே பெண் குட்டிகளில் பல ஆறேழு மாதத்திலேயே 36 கிலோவை எட்டி, முதல் இலையுதிர் காலத்திலேயே சினைப்பட்டுவிடும். ஹில் கன்ட்ரியில் அதே வயதுக் குட்டிக்கு அந்த எடையே வருவது கஷ்டம்.

எல்லாம் சாப்பாடுதான், மரபே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். கீஸ் மான் அப்படியில்லை. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது தீவுகளில் மாட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான வருடம் தனியாகவே இனப்பெருக்கம் செய்தவை. அந்தத் தீவுகளில் ஒன்றான பிக் பைன் கீயில் மாலை நேரம் தெருவோரம் நடந்தால் பக்கத்திலேயே நிற்கும். முதுகு நம் இடுப்புக்கு வராது, நாய் நிற்கிறது என்றே முதலில் தோன்றும். பிறக்கும் குட்டி ஒன்று, ஒன்றரைக் கிலோதான் இருக்கும். சதுப்பு மரத்தின் இலையைத் தின்று, மழைநீர் தேங்கும் குழிகளை நம்பி வாழ்கிற இடத்தில் சின்ன உடம்புதான் கட்டுப்படியாகும். 1950களில் ஐம்பதுக்கும் கீழே குறைந்து போனவை. 1957இல் சரணாலயம் வந்தது, 1967இல் அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். 2016இல் அதே ஸ்குரூவர்ம் திரும்பி வந்து நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. இவற்றை அயோவாச் சோளக்காட்டில் விட்டாலும் அயோவா மான் ஆகாது என்றே நினைக்கிறேன்.

நிலப்பகுதி மான்களில் மரபுக் கணக்கு இன்னும் குழப்பம். 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்கவே வெண்வால் மான் ஐந்து லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அப்புறம் பல பத்தாண்டுகள் விஸ்கான்சின், டெக்சாஸ் போன்ற இடங்களிலிருந்து ரயிலிலும் லாரியிலும் ஏற்றித் தென்மாநிலங்களில் விட்டார்கள். ஜார்ஜியாவின் சில பகுதிகளில் இன்று ஓடும் மானுக்கு விஸ்கான்சின் இரத்தம் உண்டு. ஆனாலும் அது விஸ்கான்சின் மான் சைஸில் இல்லை. பெரிய மான் வேண்டும் என்று வடக்கு மானை வாங்கி விடும் பண்ணைக்காரர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

கடைசிக் கேள்வி: டெக்சாஸ் மானை மினசோட்டாவில் விட்டால்? வளர்ந்த மான் என்றால் எலும்பு நீளாது, கொஞ்சம் கொழுக்கும், அவ்வளவுதான். மெல்லிய கோட்டோடும் குறைந்த கொழுப்போடும் முதல் பிப்ரவரியைத் தாண்டுமா என்பதே கேள்வி. தாண்டினால் பேரக்குட்டிகள் ஓரளவு பெரிதாகும், உள்ளூர் மான் அளவுக்கு வராமலும் போகலாம். செய்து பார்க்க நினைக்காதீர்கள். மூளையைச் சல்லடையாக்கும் தீரா நோய் ஒன்று மான்களிடையே பரவிவருவதால் உயிருள்ள மானை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

அதற்குப் பதிலாக மினசோட்டாவுக்குள்ளேயே பாருங்கள். தென்மேற்குச் சோளக்காட்டிலும் வடகிழக்கு ஊசியிலைக் காட்டிலும் அக்டோபரில் தாயோடு திரியும் குட்டிகளைக் கவனித்து ஒப்பிடலாம். குளிர் அதிகம் வடகிழக்கில். சோளக்காட்டில் அந்த வருடத்துப் பெண் குட்டியே சினைப்படுவது சாதாரணம், வடகிழக்குக் காட்டில் அது அபூர்வம்.